இல்லத்து ஆய்வுக்கூடம்: வீட்டுவழி அறிவியல் கல்வியில் கருவியும் உரையாடலும்

முன்னுரை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் அறிவியலை எங்ஙனம் கற்பிக்கும் என்னும் வினா எழும்போதெல்லாம், பேச்சு கருவிகளை நோக்கியே திரும்புகின்றது. நுண்ணோக்கி எங்கே கிடைக்கும், எந்த வேதிப்பொருளை வீட்டில் வைத்திருக்கலாம், பள்ளி ஆய்வுக்கூடத்திற்கு ஈடாக எதனைக் கொள்வது என்பனவே முதன்மையான கவலைகளாக உள்ளன. இக்கவலைகளின் அடியில் ஒரு வரலாற்று எண்ணம் மறைந்து கிடக்கின்றது. சிறுவர்க்கான சோதனைவழி அறிவியல் பள்ளியில் தோன்றிப் பின்னரே வீட்டிற்கு வந்தது என்பதே அது. பிரிட்டனின் வரலாற்றை நோக்கும்போது இவ்வெண்ணம் நிலைபெறவில்லை. அங்குப் பள்ளிகள் இலக்கணத்தையும் இலத்தீனையும் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், உணவறை மேசையின் மீதும் வீட்டுப் பட்டறையிலுமே சிறுவர்கள் அறிவியலைத் தொட்டுக் கற்றனர். அவ்வகையில் பள்ளி ஆய்வுக்கூடமே பிந்தி வந்தது.

18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அண்மைக்காலம் வரை வீட்டுவழி அறிவியலில் கருவி பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது. எந்தக் கருவி என்னும் வினாவிற்குள், அதனருகில் அமர்ந்து கேள்வி கேட்பவர் யார் என்னும் வினா எப்போதும் பொதிந்திருந்தது என்பதும், கருவி தனித்து இயங்கும் பண்டமாக விற்கப்பட்ட காலத்தில் அவ்விரண்டாம் வினா மறக்கப்பட்டது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

எட்ஜ்வொர்த் குடும்பத்தின் பதிவேடு

அயர்லாந்தின் லாங்ஃபோர்டு வட்டாரத்தில் எட்ஜ்வொர்த்ஸ்டவுன் என்னும் ஊரின் நிலக்கிழார் ரிச்சர்ட் லவல் எட்ஜ்வொர்த் (1744–1817). பொறியியல் ஆர்வலர், ஜேம்ஸ் வாட், ஜோசப் பிரீஸ்ட்லி, எராஸ்மஸ் டார்வின் ஆகியோர் இடம்பெற்ற பர்மிங்காம் லூனார் கழகத்தின் உறுப்பினர். நான்கு திருமணங்களின் வழி இவருக்கு 22 பிள்ளைகள் பிறந்தனர். கல்விச் சோதனைக்கு வேண்டிய மாணாக்கர் அவர் வீட்டிலேயே இருந்தனர் என்று கூறுவது மிகையாகாது.

மூத்த மகனை ரூசோவின் ‘எமில்’ (1762) கூறிய நெறிப்படி, நூல்களின் தலையீடின்றி இயற்கையின் போக்கில் எட்ஜ்வொர்த் வளர்த்தார். உடல் வலிமையும் துணிவும் வாய்க்கப்பெற்ற அச்சிறுவன் எவருக்கும் கட்டுப்படாதவனாக வளர்ந்தான். தந்தையே இச்சோதனையைத் தோல்வி என ஏற்றுக்கொண்டார். அதன்பின் அவரும் இரண்டாம் மனைவி ஹொனோரா ஸ்னெய்டும் வேறொரு வழியைத் தேர்ந்தனர். பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும், தமக்குக் கேட்கப்பட்டவற்றிற்கு அவர்கள் அளித்த மறுமொழிகளையும் ஹொனோரா ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கத் தொடங்கினார். 1780இல் அவர் மறைந்த பின்னும் இவ்வழக்கம் குடும்பத்தில் தொடர்ந்தது. மகள் மரியா எட்ஜ்வொர்த் (1768–1849) தந்தையுடன் இணைந்து 1798இல் வெளியிட்ட ‘செயல்முறைக் கல்வி’ என்னும் இரு தொகுதி நூல் இப்பதிவேட்டின் மீதே எழுப்பப்பட்டது. நூலின் பின்னிணைப்பில் பிள்ளைகளின் உரையாடல்கள் இடம்பெற்றுள்ளன. கல்வி பற்றிய நூலொன்றில் சிறுவர்தம் சொற்கள் சான்றாக வைக்கப்பட்டமை அக்காலத்தில் அரிய நிகழ்வு.

இந்நூலின் முதல் இயல் விளையாட்டுப் பொருள்களைப் பற்றியது. அழகிய தட்டுமுட்டுகள் நிரம்பிய பொம்மை வீடுகளை நூலாசிரியர்கள் விரும்பவில்லை. அவற்றில் குழந்தை செய்வதற்கு எதுவும் இல்லை என்பது அவர்தம் குறை. பொம்மையை உடைக்கும் குழந்தையை அவர்கள் குறும்பனாகக் கருதவில்லை. உள்ளே என்ன இருக்கின்றது என அறிய விழைபவனாகக் கண்டனர். தச்சுக் கருவிகள், பதப்படுத்திய மரம், ஆணி, திருகாணி, பசை, அட்டை, கம்பி ஆகியவற்றை விற்கும் ‘பகுத்தறிவார்ந்த பொம்மைக் கடை’ ஒன்று வேண்டும் என்பது அவர்களின் கனவு. இயந்திரவியல் இயலில் நெம்புகோல், கப்பி முதலியவற்றின் செயற்பாட்டைச் சிறுவர்கள் தம் உடல் வலிமையைச் செலுத்தி உணர்வதற்கென எட்ஜ்வொர்த் அமைத்த ‘பேன்ஆர்கனான்’ என்னும் பொறி விளக்கப்படுகின்றது. சிறுவர்க்கான வேதியியல் அறிமுகக் குறிப்பை எட்ஜ்வொர்த்தின் மற்றொரு மகனான லவல் வழங்கினார்.

பொம்மைகள் பற்றிய இயலுக்கான முதற்குறிப்பைத் தந்தவர் மருத்துவர் தாமஸ் பெட்டோஸ். இவர் எட்ஜ்வொர்த்தின் மகள் அன்னாவை மணந்தவர். வளிகளைக் கொண்டு நோய் தீர்க்க முனைந்து பிரிஸ்டல் நகரில் ஒரு நிறுவனத்தை நிறுவியவர். நூல் வெளிவந்த அதே 1798ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்த இளைஞரே ஹம்ஃப்ரி டேவி. வீட்டுக் கல்வியின் வரலாறும் வேதியியலின் வரலாறும் இங்கு ஒரே குடும்ப வட்டத்திற்குள் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

எட்ஜ்வொர்த் இல்லத்தை மாதிரியாக்குவதில் ஒரு தடை உண்டு. அது வேலையாள்களும் பட்டறையும் நூலகமும் உடைய நிலக்கிழார் வீடு. பிள்ளையின் ஒவ்வொரு கேள்விக்கும் செவிமடுக்கும் ஓய்வு குத்தகை உழவரின் உழைப்பினால் கிடைத்தது. ‘வீடு’ என்னும் சொல்லை வகுப்பு வேறுபாடின்றி ஆளும் கல்வி வரலாறுகள் இதனை எளிதில் கடந்து சென்றுவிடுகின்றன.

மார்செட்டின் மூவர்

ஜேன் மார்செட் (1769–1858) இலண்டனில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து வணிகர் ஒருவரின் மகள். வீட்டிலேயே உடன்பிறந்த ஆண்பிள்ளைகளுடன் சேர்ந்து பயின்றவர். கணவர் அலெக்சாண்டர் மார்செட் வேதியியலில் ஈடுபாடுடைய மருத்துவர். 1801 முதல் இராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றிய டேவியின் பொழிவுகளுக்கு ஜேன் சென்றார். மேடையில் விரைந்து நிகழ்ந்த சோதனைகள் கண்ணைக் கவர்ந்தனவேயன்றிக் கருத்தில் தெளிவாகப் பதியவில்லை. நண்பர் ஒருவருடன் அவற்றைப் பற்றிப் பேசி, சோதனைகளை மீண்டும் செய்துபார்த்த பின்னரே பொழிவுகள் விளங்கின என அவர் தம் நூலின் முன்னுரையில் குறிப்பிடுகின்றார். இவ்வனுபவமே ‘வேதியியல் உரையாடல்கள்’ என்னும் நூலின் வடிவத்தைத் தீர்மானித்தது. 1805 இறுதியில் அச்சாகி 1806ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அந்நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. 1832ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவர் பெயர் வெளிப்படையாக இடம்பெற்றது. பெண் ஒருவர் வேதியியல் எழுதுவது தகுமா என எழக்கூடிய மறுப்பிற்கு முன்னுரையிலேயே அவர் விடை கூற வேண்டியிருந்தது.

நூலில் பேசுவோர் மூவர். கற்பிக்கும் திருமதி பி.; பொறுமையுடன் காரணம் தேடும் எமிலி; விரைவில் சலிப்படையும் கரோலின். வேதியியல் சுவையானதன்று, அது மருந்துக் கடைக்குரியது என்னும் எண்ணத்துடனேயே கரோலின் முதல் உரையாடலுக்கு வருகின்றாள். இப்பாத்திரப் படைப்பை வெறும் சுவையூட்டும் உத்தியாகக் கொள்ளுதல் பொருந்தாது. கற்போரின் ஐயத்தையும் சலிப்பையும் தவறான ஊகத்தையும் பாடத்தின் பகுதியாக ஆக்குவதற்கு அது வழிசெய்கின்றது. கரோலின் தவறாக ஊகிக்கின்றாள், திருமதி பி. உடனே விடையைக் கூறாமல் ஒரு சோதனையைச் செய்துகாட்டுகின்றார்; எமிலி அதிலிருந்து பொதுமையை வடித்தெடுக்கின்றாள். உயிர்வளியில் இரும்புக் கம்பி எரிதல், நீரைக் கூறுகளாகப் பகுத்தல், வோல்டாவின் மின்கலம் ஆகியன இவ்வகையிலேயே அறிமுகமாகின்றன. கருவிகளின் படங்களை மார்செட்டே வரைந்தார். டேவி 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தனித்தெடுத்தபோது, அடுத்து வந்த பதிப்புகள் அச்செய்தியை ஏற்றுக்கொண்டன.

கற்போர் இருவரும் பெண்கள் என்பது வரலாற்று முறையில் எளியதொரு செய்தியன்று. இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மூடப்பட்டிருந்த காலம் அது. அவர்கள் வேதியியலைக் கற்பதற்கு வீட்டை விட்டால் பொதுப் பொழிவு அரங்கு ஒன்றே இருந்தது; அவ்வரங்கமும் வீட்டு உரையாடலின் துணையின்றிப் பயன்தரவில்லை என்பதற்கு மார்செட்டே சான்று.

நூல் கட்டும் இளைஞர்

வீட்டையும் செல்வத்தையும் இணைத்தே பேசுவோர்க்கு மைக்கேல் ஃபாரடே (1791–1867) ஒரு சிக்கலை எழுப்புகின்றார். கொல்லர் ஒருவரின் மகனான அவர், பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே பெற்று, இலண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரின் கடையில் 1805 முதல் ஏழாண்டுகள் நூல் கட்டும் தொழில் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்குப் படிக்கும் நூல்களாயின. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும் மார்செட்டின் நூலும் அவற்றுள் முதன்மையானவை. வாரத்திற்குச் சில பென்ஸ் செலவில் இயன்ற சோதனைகளை அவர் செய்துபார்த்தார். உராய்வால் மின்சாரம் உண்டாக்கும் பொறியை முதலில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டும், பிறகு முறையான உருளையைக் கொண்டும் அமைத்தார்.

1858இல் மார்செட் மறைந்தபோது, சுவிட்சர்லாந்து அறிவியலார் அகஸ்ட் தெ லா ரீவுக்கு ஃபாரடே எழுதிய மடல் இவ்வாய்விற்கு இன்றியமையாதது. தாம் ஆழ்ந்த சிந்தனையாளராக அல்லாமல் கற்பனை மிக்க இளைஞராகவே இருந்ததாகவும், அச்சில் கண்ட எதையும் நம்பக்கூடிய நிலையில் இருந்ததாகவும் அவர் அதில் கூறுகின்றார். மார்செட் நூல் கூறியவற்றைத் தம் சிறு சோதனைகளால் சரிபார்த்து, அவை உண்மை எனக் கண்டபின், வேதியியலில் தமக்கு ஒரு நங்கூரம் கிடைத்ததாக உணர்ந்தார் என்பது மடலின் சாரம். சோதனை இங்கு வியப்பூட்டும் காட்சியாக நிற்கவில்லை. நூலின் கூற்றை ஏற்பதா மறுப்பதா என முடிவுசெய்யும் உரிமையை அது ஓர் ஏழைத் தொழிலாளிக்கு வழங்கியது. அருகில் அமர்ந்து விளக்கும் திருமதி பி. அவருக்கு இல்லை, எனினும் அச்சிட்ட உரையாடல் அவ்விடத்தை ஓரளவு நிரப்பியது. ‘ஓரளவு’ என்பதை அழுத்திக் கூற வேண்டும். 1810 முதல் ஜான் டேட்டம் என்பவரின் இல்லத்தில் நிகழ்ந்த அறிவியல் பொழிவுகளுக்கு ஒன்றிற்கு ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி அவர் சென்றார். அப்பணத்தை அண்ணன் இராபர்ட் தந்தார். தனியே கற்றவர் எனப் போற்றப்படும் ஃபாரடேயும் உரையாடத்தக்கோரைத் தேடிச் சென்றவரே.

பிற்காலத்தில் இராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் பொழிவுகளை 1827 முதல் 1860–61 வரை அவர் 19 முறை நிகழ்த்தினார். இறுதித் தொடரின் பொருள் மெழுகுவத்தி. வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861இல் அது நூலாயிற்று. எந்த வீட்டிலும் உள்ள பொருளைத் தேர்ந்து, அதன் சுடரின் நடுவிலிருந்து வளைந்த கண்ணாடிக் குழாயால் ஆவியை வெளிக்கொணர்ந்து மறுமுனையில் எரியச் செய்வதும், சுடரின் மேல் குளிர்ந்த பரப்பைப் பிடித்து நீர் படிவதைக் காட்டுவதும் விலையுயர்ந்த கருவியை வேண்டுவன அல்ல. 1862இல் அரசு ஆணையத்தின் முன் சான்றளித்தபோது, இங்கிலாந்தின் சிறந்த பள்ளிகளில் இயற்கை அறிவியலுக்கு உரிய இடம் இல்லை என அவர் வருந்தினார். மார்செட் நூல் வெளிவந்து அரை நூற்றாண்டிற்கு மேல் கடந்திருந்த நிலை அது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வீட்டுக் கல்வியை ஓர் இயக்கமாக்கிய சார்லட் மேசன் (1842–1923) கருவியை ஏறத்தாழ முற்றிலும் விலக்கினார். ‘இல்லக் கல்வி’ (1886) என்னும் அவரது நூலில் தாய் குழந்தையை வெளியே அழைத்துச் செல்கின்றாள். தொலைவிலுள்ள ஒரு குடிலையோ மரத்தையோ பார்த்துவருமாறு அனுப்புகின்றாள். திரும்பி வந்து கண்டதைச் சொல்லச் செய்கின்றாள். குறிப்பேடும் வண்ணத்தூரிகையுமே கருவிகள். இயற்கைக் குறிப்பேடு இன்றும் பல நாடுகளின் வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களில் வழங்கி வருகின்றது. இம்முறையில் உற்றுநோக்கல் வளர்ந்தது. ஆயின் பொருளை மாற்றி, எரித்து, கலந்து பார்க்கும் சோதனை பின்னுக்குச் சென்றது. மார்செட்டுடன் ஒப்பிட இது ஓர் இழப்பே.

பெட்டியும் அதன் விலையும்

வேதியியலைப் பெட்டிக்குள் அடைக்கும் முயற்சி பழையது. ஜெர்மானியரான கோட்லிங் அமைத்த கையடக்க வேதிப்பெட்டியின் விளக்கநூல் 1791இல் ஆங்கிலத்தில் வந்தது. இலண்டன் சோஹோ பகுதியில் ஃபிரெடரிக் ஆக்கம் இத்தகைய பெட்டிகளை விற்றதோடு, 1817இல் ‘வேதியியல் வேடிக்கை’ என்னும் நூலையும் எழுதினார். எனினும் இவை பெரும்பாலும் வளர்ந்தோர்க்கும் பயணிகளுக்கும் உரியவை. சிறுவர்க்கான பண்டமாகப் பெட்டி பெருகியது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலாகும். மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் போர்ட்டர் உடன்பிறப்புகள் 1910களின் நடுவில் ‘கெம்கிராஃப்ட்’ பெட்டியை விற்கத் தொடங்கினர். 1913இல் ‘எரெக்டர்’ என்னும் கட்டுமான விளையாட்டை வெளியிட்ட நியூஹேவன் நகரின் ஏ.சி. கில்பர்ட் விரைவில் வேதிப்பெட்டியிலும் இறங்கினார்.

இப்பெட்டிகளின் வரவால் நிகழ்ந்த மாற்றம் பொருள்களின் பெருக்கத்தைக் காட்டிலும் ஆழமானது. திருமதி பி.யின் இடத்தில் ஒரு செய்முறைக் கையேடு அமர்ந்தது. கையேடு கட்டளையிடும், கேள்வி கேட்காது. கரோலினின் தவறான ஊகத்திற்கு அதில் இடமில்லை. நிறம் மாறினால் சோதனை வெற்றி, மாறாவிட்டால் தோல்வி. பெற்றோர் பெட்டியை வாங்குவோராக மட்டும் எஞ்சினர். விளம்பரங்கள் தனியே அமர்ந்து குழாயை நோக்கும் ஒரு பையனை, நாளைய வேதியியலாளனை, முன்னிறுத்தின.

பையன் என்பதே கருத்தூன்ற வேண்டியது. 1806இல் இல்லத்து வேதியியலின் கற்போர் எமிலியும் கரோலினும். 1950களில் கில்பர்ட் நிறுவனம் பெண்பிள்ளைகளுக்கென இளஞ்சிவப்புப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் இருந்தவை நுண்ணோக்கியும் கண்ணாடி வில்லைகளும். பெட்டியின் மேல் பொறிக்கப்பட்ட பெயர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப உதவியாளர் என்னும் பொருளது. ஏறத்தாழ 150 ஆண்டுகளில் இல்லத்து அறிவியல் பெண்களைப் பொறுத்தவரை முன்னேறியது எனக் கூற இப்பெட்டி இடந்தரவில்லை. அதே நிறுவனம் 1950–51இல் விற்ற யுரேனியம் அணு ஆய்வுப் பெட்டியின் விலை 49.50 டாலர், கைகர் எண்ணி, முகில் அறை, யுரேனியத் தாது மாதிரிகள் ஆகியன அதனுள் இருந்தன. அக்காலக் குடும்பங்களுக்கு அவ்விலை மிகுதி. 5,000க்கும் குறைவான பெட்டிகளே விற்றன.

பாதுகாப்புச் சட்டங்களே இப்பெட்டிகளை ஒழித்தன என்பது பரவலான கூற்று. இடர்தரும் பொருள்களுக்குச் சிட்டை ஒட்டுவது பற்றிய 1960ஆம் ஆண்டுச் சட்டமும், சிறுவர் பாதுகாப்பு பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டமும், 1972இல் அமைந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆயினும் உரிய எச்சரிக்கையும் செய்முறை விளக்கமும் கொண்ட வேதிப்பெட்டிகளுக்கு அமெரிக்க விதிகள் விலக்களித்துள்ளன. எனவே தடையைக் காட்டிலும் வழக்கிற்கு அஞ்சிய உற்பத்தியாளரின் பின்வாங்கலும், தனித்து விடப்பட்ட சிறுவன் என்னும் அப்பண்டத்தின் அடிப்படைக் கற்பனையுமே காரணமாகக் கொள்ளத்தக்கவை. அருகில் பெரியவர் இருப்பார் என்னும் எண்ணத்தில் அமைந்திருந்தால் அப்பெட்டி வேறு வகையில் மாறியிருக்கக்கூடும்.

அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1977இல் ‘பள்ளியின்றி வளர்தல்’ என்னும் இதழைத் தொடங்கியபின் வீட்டுவழிக் கல்வி மீண்டும் வலுப்பெற்று, 1993க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்ட ஏற்புப் பெற்றது. அக்குடும்பங்களுக்குக் கடையில் கிடைத்தவை வெறுமையாக்கப்பட்ட பெட்டிகளே. இராபர்ட் புரூஸ் தாம்சன் 2008இல் வெளியிட்ட இல்ல வேதியியல் வழிகாட்டி உண்மையான கண்ணாடிக் கலங்களையும் உண்மையான வேதிப்பொருள்களையும் மீட்க முயன்றது. கருவிப் பட்டியலோடு, ஆய்வுக் குறிப்பேட்டைப் பேணும் முறையையும் அது வலியுறுத்தியது. ஹொனோராவின் பதிவேட்டைப் பெற்றோர் எழுதினர். இக்குறிப்பேட்டைப் பிள்ளை எழுதுகின்றது.

வால்வுக் குழாயும் சவாலிராமும்

பெட்டி செழித்த அதே காலத்தில், அது எட்டாத நாடுகளில் வேறொரு வழி உருவாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஆய்வுக்கூடங்களை இழந்த பள்ளிகளுக்கென ஜே.பி. ஸ்டீபன்சன் என்னும் இலண்டன் ஆசிரியர் எழுதிய சிறு கையேட்டை 1948இல் யுனெஸ்கோ வெளியிட்டது. போரால் கருவிகளை இழந்தோர்க்காக எழுதப்பட்ட அது, கருவிகளையே கண்டிராத நாடுகளிலும் பயன்பட்டது. அதன் விரிவாக 1956இல் யுனெஸ்கோவின் அறிவியல் கற்பித்தல் மூலநூல் வந்தது. தகரக் குவளை, புட்டி, மெழுகுவத்தி, நூல், இரப்பர் ஆகியவற்றால் இயலும் சோதனைகள் அதில் தொகுக்கப்பட்டன. ஆசிரியர்க்காக எழுதப்பட்டதாயினும் எந்த வீட்டிலும் செயற்படுத்தத்தக்கது அது.

இந்தியாவில் 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இவ்வகைச் சிந்தனையின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது. மாணவர் தாமே சோதனை செய்து முடிவுக்கு வர வேண்டும். ஆசிரியர் விடையை முன்கூட்டியே கூறலாகாது. தேர்வில் நூலைத் திறந்து பார்க்கலாம் என்பன அதன் விதிகள். 1978இல் மாவட்டம் முழுவதும் விரிந்த இத்திட்டத்திற்கு அவ்வாண்டில் வந்து சேர்ந்தவர் கான்பூர் ஐஐடியில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா. ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைத்த மிதிவண்டி வால்வுக் குழாயைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றால் தீக்குச்சிகளை இணைத்து வடிவங்கள் சமைக்கும் முறையை அவர் உருவாக்கினார். முக்கோணம் அசையாது நிற்கும். சதுரம் அழுத்தியவுடன் சாயும். ஏன் என்னும் கேள்வி கையிலிருந்தே எழுகின்றது. 1987இல் வெளியான அவரது தீக்குச்சி மாதிரிகள் பற்றிய நூல் பல இந்திய மொழிகளுக்குச் சென்றது. தமிழகத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் இத்தகைய எளிய சோதனைகளைத் தமிழ்ச் சிறுவரிடம் கொண்டுசேர்த்தன. எட்ஜ்வொர்த் குடும்பம் கடையில் தேடிய பகுத்தறிவார்ந்த பொம்மை, இங்குக் கடையின்றியே கிடைத்தது.

ஆயினும் கருவியின் மலிவு உரையாடலின் இன்மையைத் தானே போக்கிவிடாது என்பதை ஹோஷங்காபாத் திட்டத்தினர் உணர்ந்திருந்தனர். ஏன், எப்படி என்று பிள்ளைகள் கேட்டால் வீட்டில் மறுமொழி கூறப் பலருக்கு நேரமில்லை. ஆசிரியர் ஒருவரே வகுப்பு முழுவதற்கும். அதற்கென அவர்கள் சவாலிராம் என்னும் கற்பனை மனிதரைப் படைத்தனர். ‘சவால்’ என்னும் இந்திச் சொல்லுக்குக் கேள்வி என்பது பொருள். பாடநூலில் முகவரி தரப்பட்டது; பிள்ளைகள் தமக்குத் தோன்றிய எந்தக் கேள்வியையும் சவாலிராமுக்கு அஞ்சலில் அனுப்பலாம். கடிதம் எழுதிய பிள்ளைக்கு, அதன் பெயரிட்டு, மறுமொழி சென்றது. 2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தும் வரை மூன்று பத்தாண்டுகள் அது நீடித்தது.